பயந்த பூனைக்கு வீடு தேடுமுன் ஒரு அறை தேடுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: திருகோணமலையில் நீங்கள் உதவிக்குப் போய்வரும் காப்பகத்தில், மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெட்டைப் பூனை நாலு மாதமாகக் கூட்டின் பின்மூலையில் சுருண்டு கிடக்கிறது. கை நீட்டினால் சீறுகிறது. பார்க்க வருகிறவர்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். படம் போட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என்ன எழுதினால் யாராவது எடுப்பார்கள்? நீங்கள் கேட்டது விளம்பரத்தைப் பற்றி. அதற்கு அடியில் இருக்கிற கேள்வி, இது வீட்டில் இருக்கக்கூடிய பூனைதானா என்பது. அது தெரியாமல் எழுதுகிற விளம்பரம் வெறும் குருட்டாம்போக்கு. கூட்டுக்குள் வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஆகவே வீடு தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு அறையை இரவல் தரக்கூடிய ஆளைத் தேடுங்கள். விளம்பரம் எழுதுவதற்கான சரக்கு அந்த அறையிலிருந்துதான் வரும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். பூனைக்குட்டி மனிதரைப் பழகிக்கொள்ளும் காலம் பிறந்து இரண்டாவது கிழமையிலிருந்து ஏறத்தாழ ஏழாவது கிழமை வரைதான். அந்த நாட்களில் மனிதக் கை பட்டு வளர்ந்த பூனை பிறகு எவ்வளவு பயந்தாலும் அதை மீட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு கையும் படாமல் சந்தையிலோ கடற்கரையிலோ வளர்ந்த பூனை பெரிதான பிறகு, மனிதரைப் பொறுத்துக்கொள்ளப் பழகலாம். மடியில் ஏறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், கூட்டுக்குள் இரண்டும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். காதைப் பக்கவாட்டில் மடித்து, கண்மணி விரிந்து, நாலு காலையும் வயிற்றுக்கடியில் இழுத்து, வாலை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடப்பது வீட்டுப் பூனையும் செய்யும், தெருப் பூனையும் செய்யும். சீறுவதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். “கிட்ட வராதே” என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. இடது காது நுனி வெட்டியிருந்தால் யாரோ பிடித்துக் கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று விளங்கும், குணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நல்ல அறிகுறிகள் சின்னவை. சாப்பாட்டுப் பீங்கான் சத்தம் கேட்டுத் தலை திரும்புவது, ஆள் இருக்கும்போதே கண்ணை மூடித் தூங்குவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, இராத்திரி பெட்டியை விட்டு வெளியே வந்ததற்கான அடையாளம் இருப்பது. மலசலத்துக்கு வைத்த மண் பேசினுக்குள்ளேயே போய்ப் படுத்திருந்தால், ஒளிய வேறு இடமில்லாமல் அங்கே ஒதுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அறை தேடுவதற்கும் முன்னால் மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். முரசு வீங்கிப் பல் நோகும் பூனை, காதுக்குள் உண்ணி அரிக்கும் பூனை, மூட்டு நோகும் பூனை எல்லாம் மூலையில்தான் ஒதுங்கும். அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்குவதில் பயனில்லை. கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் இன்னும் ஆகவில்லை என்றால் இதே தடவையில் முடித்துவிடலாம். ஒரு பயத்துக்கு இரண்டு பயணம் எதற்கு? ஒரு எச்சரிக்கையும் சேர்த்து: நோகிறதே என்று வீட்டில் இருக்கிற பனடோலை உடைத்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. பூனையின் ஈரலால் அதிலுள்ள பரசிட்டமோலை உடைக்க முடியாது; ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

அறை கிடைக்கும்வரை கூட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கூட்டை நிலத்திலிருந்து தூக்கி நெஞ்சுயரத்தில் வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கிற முகம் பூனைக்குப் பெரிய அச்சம். மூன்று பக்கத்தையும் பழைய சாரத்தால் மூடி, நாய்க்கூடுகள் தெரியாத திசைக்குத் திருப்புங்கள். உள்ளே ஒரு காட்போட் பெட்டி கட்டாயம். ஓரடி அகலம், ஓரடி உயரம், அதைவிடச் சற்று நீளம், முன்னால் ஒரு சாண் துவாரம். 2014 இல் நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிப்பெட்டி கொடுத்தும் பாதிக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை மூன்றாம் நாளே தெளிவாக அமைதியடைந்திருந்தன. ஒளிய விட்டால் பழகாது என்று பெட்டியை எடுத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடப்பது நேரெதிர், ஒளிய இடம் இருக்கிற பூனைதான் வெளியே வரும். சாப்பாட்டையும் மண் பேசினையும் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். தினமும் எல்லாத் துணியையும் எடுத்து அலசி அதன் மணத்தை அழிக்காதீர்கள். அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தால் போதும். டெட்டோல் ஊற்றிக் கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். தண்ணீரில் வெள்ளையாகத் திரிகிற அந்த வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. காலில் பட்டதை நக்கினாலே வாய் புண்ணாகும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை (பிளீச்) ஒன்றுக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீரில் கரைத்துத் துடைத்து, நன்றாக அலசிக் காயவிட்டால் போதும்.

இனி அறை. பெரிய அறை வேண்டாம், எட்டடிக்குப் பத்தடி தாராளம். பாவிக்காத சாமான் அறை, வெளிக் குளியலறை, படிப்பு முடித்துப் போன பிள்ளையின் அறை எதுவும் சரி. நம் ஊர் வீடுகளில் பெரிய ஓட்டை மேலே இருக்கிறது. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடைவெளி. பயந்த பூனை அலுமாரியில் ஏறி அங்கிருந்து முகட்டுக்குப் போய்விட்டால் மூன்று நாள் இறங்காது, பக்கத்து வீட்டுக் கூரை வழியாகத் தெருவுக்கும் போய்விடும். நாலு விரல் அகலத்துக்கு மேற்பட்ட எந்த இடைவெளியையும் கோழிவலையால் ஆணியடித்து மூடுங்கள். கொசுவலை போதாது, நகத்தால் ஒரு நிமிடத்தில் கிழித்துவிடும். கட்டிலுக்கடியைச் சாக்கால் அடைத்துவிட்டு, ஒளிப்பெட்டியைச் சுவரோரம் உங்களுக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். அது எங்கே ஒளிய வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானித்தால்தான் அடுத்த வேலை நடக்கும். மண் பேசினுக்கு ஆற்று மணலோ வளவு மண்ணோ மூன்று அங்குல ஆழத்துக்குப் போதும். வெளியில் திரிந்த பூனைக்குக் கடையில் விற்கிற வாசனைக் கற்களைவிட மண்தான் விளங்கும். கடற்கரை மணல் ஈரம் வாங்கிக் கட்டியாகும், தவிருங்கள்.

பழக்குவது சலிப்பான வேலை, அதில் வித்தை ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே நேரம், காலையும் மாலையும் கால் மணி நேரம். நிலத்தில் பக்கவாட்டாக உட்காருங்கள். முகத்துக்கு முகம் பார்க்காதீர்கள். பேப்பரை மெல்லிய குரலில் வாசிக்கலாம், பூனைக்கு அரசியலில் வெறுப்பில்லை. கண் சந்தித்தால் மெதுவாக மூடித் திறங்கள். 2020 இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில், இப்படிக் கண்மூடிக் காட்டுகிறவரிடம் பூனைகளும் கண்ணைச் சுருக்கின, கிட்ட வரவும் கூடுதலாக விரும்பின. நாலைந்து நாளில் உங்கள் முன்னால் சாப்பிடத் தொடங்கினால் நீளக் காம்புள்ள அகப்பை நுனியில் அவித்த சூரை மீனை விரல் நகமளவு வைத்து நீட்டுங்கள். முள், உப்பு, தூள் எதுவும் கூடாது. நெத்தலி, சாளை வகைகளை நாள்தோறும் பச்சையாகப் போட்டால் உயிர்ச்சத்து பி1 குறைந்து நரம்புக் கோளாறு வரும், எப்போதும் அவித்தே கொடுங்கள். முழுச் சாப்பாடு பூனை உணவாகவும், மீன் பழக்குவதற்கான லஞ்சமாகவும் இருக்கட்டும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலதுக்கு வயிற்றால் போகும். அகப்பையை நம்பியபின், அதன் காம்பில் துணி சுற்றிக் கன்னத்தையும் தாடையையும் தடவுங்கள், பிறகு விரலால். மூன்று தடவலோடு நிறுத்தி, இன்னும் வேண்டும் என்று அது கேட்கிற நிலையில் எழுந்துவிட வேண்டும். வயிறும் வாலடியும் யாருடைய உரிமையும் அல்ல. பெரும்பாலும் வேலை கெடுவது இந்த இடத்தில்தான். ஒரு நாள் தடவ விட்டதும் சந்தோஷத்தில் தூக்கிவிடுகிறார்கள், அது கீறிவிட்டு ஓடி, இரண்டு கிழமை பின்னால் போய்விடுகிறது.

கடித்துவிட்டால் சின்னப் பொட்டுத்தானே என்று விடாதீர்கள். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய்க்கான சிகிச்சை அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் கையோடு கொண்டுபோனால் டாக்டர் முடிவெடுப்பது சுலபம்.

சந்தேகத்துக்கிடமானவற்றையும் சொல்ல வேண்டும். “மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம்” என்று ஒரு கணக்குச் சுற்றுகிறது. முதல் மூன்று நாளில் திகைப்பு, மூன்று கிழமையில் பழக்கம், மூன்று மாதத்தில் சொந்தம் என்பார்கள். நாய்களுக்குச் சொன்னதைப் பூனைக்கு மாற்றிய கைக்கணக்கு அது. எடுக்கிறவரிடம் பொறுமைக்கு ஒரு அளவு சொல்ல உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். பூனையை அமைதிப்படுத்தும் என்று பிளக்கில் சொருகி வைக்கிற வாசனைக் கருவிகளைப் பற்றிய ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. யன்னல் திறந்து ஃபேன் சுழலும் நம் அறைகளில் அந்தக் காசுக்கு மீன் வாங்குவது மேல் என்பது என் கணிப்பு. கபபென்டின் என்ற மருந்து வேறு விஷயம். வைத்தியரிடம் கொண்டுபோகும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுத்தால் பயம் தணிவது நன்றாக நிறுவப்பட்டது. பயந்த காப்பகப் பூனைகளுக்குத் தினமும் கொடுத்துப் பழக்கியபோது விரைவாகப் பழகியதாகவும் ஆய்வு உண்டு. ஆனால் அளவை மிருக வைத்தியர்தான் எழுத வேண்டும். மனிதருக்கான திரவ மருந்துகளில் பூனைக்கு ஆகாத சேர்மானங்கள் இருக்கலாம் என்பதால் பார்மசியில் நீங்களாக வாங்கக் கூடாது. நேரில் பார்க்காமல் எழுதுகிற என்னைப் போன்ற ஆளிடமும் அளவு கேட்கக் கூடாது.

இரண்டு மூன்று கிழமை அறையில் இருந்ததும் உங்களிடம் எழுதுவதற்கு உண்மையான செய்தி இருக்கும். இப்போது போட்டிருக்கும் விளம்பரத்தில் “பாவம்”, “யாராவது காப்பாற்றுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரக்கம் வரும், ஆனால் இரக்கத்தில் எடுத்தவர் நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவருவார். இப்படி எழுதிப் பாருங்கள்: “பெட்டைப் பூனை, வயது ஏறத்தாழ 3. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டாயிற்று. தூக்க விடாது. அகப்பையில் மீன் கொடுத்தால் வந்து தின்னும், கன்னத்தைத் தடவ விடும். மண் பேசினில் ஒழுங்காகப் போகும். முதல் மாதம் பெட்டிக்குள்தான் அதிகம் இருக்கும். நாயும் சின்னப் பிள்ளைகளும் இல்லாத வீடு தேவை.” தூக்க விடாது என்ற வரி பத்துப் பேரைத் தள்ளிவிடும். மிஞ்சுகிற ஒருவர்தான் உங்களுக்கு வேண்டியவர். படம் பூனையின் கண்மட்டத்தில், பிளாஷ் இல்லாமல், காலை வெளிச்சத்தில். அதைவிட, அகப்பையில் மீன் தின்னும் அரை நிமிட வீடியோ மேல். தமிழில் மட்டும் போடாமல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், இந்த ஊரில் பூனை தேடுகிறவர் எந்த மொழியில் தேடுவார் என்று சொல்ல முடியாது.

யாருக்குக் கொடுக்கலாம்? ஓய்வுபெற்ற தம்பதி, தனியாக இருக்கும் ஆசிரியை, வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறவர், இப்படி நாளெல்லாம் ஒரே சீராக ஓடுகிற வீடு. நாய் இல்லாதது முக்கியம். கிண்ணியா, மூதூர்ப் பக்க முஸ்லிம் வீடுகளில் நாய் வளர்ப்பது குறைவு, பூனைமேல் பற்றும் உண்டு. அந்தப் பக்கமும் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே சாதுவான ஒரு பூனை இருக்கிற வீட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. மனிதரை நம்பாத சில பூனைகள் இன்னொரு பூனை நம்புவதைப் பார்த்து வெளியே வரும். ஆனால் ஒரு கிழமையாவது கதவுக்கு இரு பக்கமும் மணம் பழகிய பிறகே நேரில் விட வேண்டும். வாடகை வீடென்றால் சொந்தக்காரர் சம்மதம், கொழும்புக்குப் போனால் சாப்பாடு போட யார், பகல் இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள், கூரை ஓடா சிலாப்பா என்று கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் இருக்கிற “ஏன் பூனை வேண்டும்” என்ற கேள்வியைவிட இந்த நாலும் உபயோகமானவை.

கொண்டுபோகும் நாளைப் பார்த்து எடுங்கள். தீபாவளிக் கிழமையிலோ, சித்திரை வருடப்பிறப்பு வெடியிலோ, கோணேசர் கோயில் தேர்த்திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி அருகே இருக்கும் வீட்டுக்கோ கொண்டுபோனால் இதுவரை செய்த வேலை ஒரே இரவில் போய்விடும். கச்சான் காற்றுக் காலத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாக்கில் கட்டிக்கொண்டு போவது நம் பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள், உள்ளே வெக்கையில் மூச்சு முட்டும், அந்தச் சாக்கோடு அந்த வீடும் அதற்குப் பகையாகிவிடும். பூனைக் கூடை இல்லையென்றால் உறுதியான இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கேபிள் டையால் சுற்றிக் கட்டலாம். உள்ளே அது படுத்த துணி, மேலே ஒரு சாரம். மோட்டார் சைக்கிள் வேண்டாம், ஆட்டோவில் கால்மாட்டில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் முற்றத்தில் வைத்து எல்லாருக்கும் காட்டுகிற வேலை கூடாது. நேராக அறைக்குள், கதவைச் சாத்தி, யன்னலைப் பார்த்து, பிறகே கூடையைத் திறப்பது. அங்கேயும் அதே ஒளிப்பெட்டி, அதே அகப்பை, துவைக்காத அதே துணி.

எடுத்தவரைக் கொடுத்த நாளோடு விட்டுவிடாமல் இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் நீங்களே போன் எடுங்கள். “ஒளித்தபடியே இருக்கு” என்பார்கள். இராத்திரி சாப்பாடு குறைகிறதா, மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் சரியென்றால் பொறுக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டும், இரண்டு நாள் ஆனால் வைத்தியரிடம் போக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும், கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஒரு நாள் சிறுநீர் இல்லையென்றாலும் வைத்தியரிடம் போக வேண்டும். கடுவன் பூனை மண்ணில் உட்கார்ந்து முக்கினால் மணிக்கணக்கைப் பார்க்காமல் அப்போதே கொண்டுபோக வேண்டும். முடியவில்லை என்றால் காரணம் கேட்காமல் திருப்பி எடுப்போம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தச் சொல் இல்லாத இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு இராத்திரியில் மீன் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

ஓடிவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம், தொலைவில் தேடவும் வேண்டாம். 2018 இல் வெளியான ஒரு ஆய்வில், திரும்பக் கிடைத்த பூனைகளில் 75 சதவீதமானவை தொலைந்த இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் கிட்ட. முதலில் ஐந்து வீட்டு வளவுகளைப் பாருங்கள். விறகு அடுக்கு, தண்ணீர்த் தாங்கியின் அடி, கவிழ்த்து வைத்த வள்ளம். தெரு அடங்கிய பின், இராத்திரி ஒரு மணிக்கு மேல், டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போனால் அதன் கண் மின்னும். கூப்பிட்டுக்கொண்டு துரத்தினால் இன்னும் உள்ளே போகும். கூட்டுப்பொறிக்குள் அதன் துணியும் மணக்கிற மீனும் வைத்துக் காத்திருப்பதுதான் வழி.

அறையில் ஆறேழு கிழமை வைத்தும் ஆள் இருக்கும்போது சாப்பிடாமல், இராத்திரியில் யன்னலையே சுரண்டிக்கொண்டிருந்தால், அது வீட்டுக்குள் இருக்க விரும்பாத பூனையாக இருக்கலாம். அப்போது வேறு வகை வீடு தேடுங்கள். கந்தளாய்ப் பக்கம் நெல் ஆலைகளும் களஞ்சியங்களும் உண்டு, கடற்கரையோரம் வலை வைக்கும் வாடிகள் உண்டு. எலிக்குப் பூனை கேட்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கருத்தடை செய்த பூனையாக, எலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தினமும் சாப்பாடும் தண்ணீரும் உறுதியாக, மழைக்கு ஒதுங்க இடத்தோடு மட்டும் கொடுங்கள். கொடுத்த அன்றே திறந்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். அங்கேயே பெரிய கூட்டில் மூன்று நாலு கிழமை வைத்து, அந்த இடத்தின் சத்தமும் மணமும் சாப்பாட்டு நேரமும் பதிந்த பிறகு, ஒரு மாலை சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். போவதற்கு முன் ஆலைக்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள், எலிப்பாஷாணம் வைக்கிறாரா என்று. வைத்தால் அந்த இடம் வேண்டாம். நஞ்சு தின்று தள்ளாடுகிற எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும்.